ஒரு வரித் திருத்தம்

பத்திரிகைக்காரர்களைக் கேலி செய்யும் பழைய அமெரிக்கப் படம் ஒன்றைப் போன மாதம் ஒரு சங்கத்தில் போட்டுக் காட்டினார்கள். வயதானவன் என்பதற்காக எனக்கு முன்வரிசையில் மெத்தை நாற்காலி கொடுத்தார்கள். வழக்கம்போல ஒரு பத்திரிகை புளுகுகிறது, ஊர் நம்புகிறது, யாரோ ஒருத்தி ஒரே நாளில் பெரிய ஆளாகிவிடுகிறாள், எல்லாரும் மூச்சுவிடாமல் பேசுகிறார்கள், முடிவில் எல்லாம் சரியாகிவிடுகிறது. பக்கத்தில் இருந்த இளைஞர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

பெரியவருக்கு இங்கிலீஷ் புரியவில்லை போலிருக்கிறது என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. புரியாமல் என்ன? சேலத்தில் அந்த மாதிரிப் படங்களை என்னைப்போல விழுந்து விழுந்து பார்த்தவன் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். கோளாறே அங்கேதான் ஆரம்பித்தது.

யுத்தத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வருஷங்களைச் சொல்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயது. சேலத்தில் ஒரு கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இங்கிலீஷ் படம் போடுவார்கள். பின்னால் நாற்காலிகளில் ஏற்காட்டுத் தோட்டத்துத் துரைமார்களும் ஜங்ஷன் ரயில்வேக் குடும்பங்களும் உட்காருவார்கள். முன்னால் பெஞ்சில் நான். படத்தில் பேசுகிற வேகத்துக்கு என் பள்ளிக்கூட இங்கிலீஷ் ஈடு கொடுக்காது. துரைமார்கள் சிரித்து முடித்தபிறகு அரை நிமிஷம் கழித்து நான் சிரிப்பேன். ஒரே படத்தை இரண்டு மூன்று ஞாயிறு ஓட்டுவார்கள் என்பதால் கடைசி ஞாயிறுக்குள் நானும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டுவிடுவேன்.

பத்திரிகைக் கதை என்றால் எனக்குப் பைத்தியம். ஏனென்றால் நானும் பத்திரிகைக்காரன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகம், அதிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை. அதற்கு உதவி ஆசிரியன், நிருபன், மெய்ப்புத் திருத்துகிறவன் எல்லாம் நான்தான். கம்பாசிட்டர் வராத நாளில் அச்சுக் கோர்ப்பதும் நானே. படத்தில் பத்திரிகை ஆபீஸ் என்றால் பத்து டெலிபோன் ஒரே சமயத்தில் அடிக்கும், தலையில் தொப்பியைக் கழற்றாமல் ஆட்கள் கத்துவார்கள். எங்களிடம் டெலிபோன் கிடையாது. ராசிபுரத்துச் செய்தியும் நாமக்கல் செய்தியும் பஸ் கண்டக்டர் வாய்வழியாக வரும். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வரும்வரை உலகம் காத்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாம் அச்சாகி முடிந்தபிறகுதான் எங்கள் செய்திகளுக்கு மெஷின் கிடைக்கும். இந்த லட்சணத்தில் நான் என்னை அந்தப் படத்து நிருபனாக நினைத்துக்கொண்டு அலைந்தேன். வெயில் காலத்தில்கூடத் தொப்பி போட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலாளிதான் ஆசிரியரும். பத்திரிகைக்கு வெளியே நல்ல மனிதர். பத்திரிகைக்குள்ளே அவருக்குத் தெரிந்த ஒரே தர்மம், அடுத்த வாரமும் ஆட்கள் வாங்க வேண்டும் என்பது.

நடந்தது இதுதான். சேலத்தில் அப்போது படம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு புதுப் படத்துக்குக் கதாநாயகியின் போட்டோவோடு விளம்பரம் கொடுத்தார்கள், அவள் புதுமுகம். அதே வாரத்தில் எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு செய்தியும் வந்தது. அங்கே ஊர்க்காரர்கள் கமிட்டி வைத்து நடத்துகிற பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஹையர் கிரேடு வாத்தியார் பரீட்சை தேறிய ஆசிரியை ஒருவர் பாடம் நடத்துகிறார், அதைப் படத்தோடு போட வேண்டும் என்று கமிட்டித் தலைவர் எழுதியிருந்தார். ஆசிரியையின் போட்டோவோடு தன் போட்டோவையும் வைத்திருந்தார். கடிதம் கேட்டது ஆசிரியை படத்தை, பெரிய போட்டோ தலைவருடையது என்று முதலாளி சொன்னார்.

போட்டோவை அப்படியே அச்சடிக்க முடியாது. சென்னைக்கு அனுப்பித் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து வர வேண்டும். மூன்று போட்டோவையும் முதலாளியே உறை போட்டு அனுப்பிவிட்டார், நான் கண்ணால் பார்க்கவில்லை. பிளாக்குகள் ரயில் பார்சலில் வந்தன. போட்டோக்கள் தபாலில் பின்னால் வரும். பிளாக் என்பது ஒரு மரக்கட்டையில் அடித்த தகடு. தகட்டில் முகம் இடம் வலம் மாறிப் புள்ளி புள்ளியாக இருக்கும், பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. அதனால் இன்னார் என்று கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதி அனுப்புவார்கள். நான் ஒரு பிரதி இழுத்துப் பார்த்துவிட்டு, மை போகவேண்டும் என்று மூன்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைத்தேன். மையும் போயிற்று, பென்சில் எழுத்தும் போயிற்று.

தலைவரைப் பற்றிக் கவலையில்லை. மீசை ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டும் பெண்கள். ஒன்றில் தலை குனிந்து, வெள்ளைப் புடவை கட்டி, கையில் புத்தகத்தோடு ஒருத்தி. இன்னொன்றில் முகவாயைத் தூக்கி, தலையில் ரோஜா வைத்து, நாற்காலியில் சாய்ந்து பாதிச் சிரிப்போடு ஒருத்தி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சினிமா பார்த்துப் பழுத்த கண் எனக்கு. புத்தகத்தை ஆசிரியை செய்திக்கும் ரோஜாவை சினிமா விளம்பரத்துக்கும் வைத்து, பாரம் என்கிற இரும்புச் சட்டத்தில் பக்கத்தை இறுக்கி முடித்தேன். இரண்டு நாள் காத்திருந்தால் போட்டோக்களே வந்திருக்கும். விளம்பரம் கொடுத்தவரிடம் சைக்கிளில் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கிறவன் என்ன பத்திரிகைக்காரன் என்று நினைத்தேன்.

புத்தகம் வைத்திருந்தவள் நடிகை. படத்தில் அவளுக்கு ஏழை விதவையின் மகள் வேஷமாம். ரோஜா வைத்திருந்தவர் ஆசிரியை. வாழ்க்கையில் முதல்முதலாக போட்டோ எடுக்க நாமக்கல் போயிருக்கிறார். அந்த போட்டோக்காரர் தன் ஜாடியிலிருந்த காகித ரோஜாவை எடுத்து வைத்து, முகவாயைத் தூக்கச் சொல்லி, சாயச் சொல்லி, சிரிக்கச் சொல்லியிருக்கிறார். ஆசிரியை அவர் சொன்னபடி செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பத்திரிகை வெளிவந்தது. ஆசிரியையின் முகத்துக்குக் கீழே 'நடன ராணி, தேன்குரலாள், விரைவில் வருகிறாள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. திங்கட்கிழமை போட்டோக்கள் பின்புறம் எழுதிய பெயர்களோடு தபாலில் வந்தபோதுதான் முகம் மாறிப்போனது தெரிந்தது. சினிமா ஆபீஸ்காரர் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். 'அடுத்த வாரம் சரியா போட்டுருங்க' என்று போய்விட்டார். அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அடுத்த வாரம் விளம்பரத்தில் சரியான முகத்தைப் போட்டோம். விஷயம் முடிந்தது என்று முதலாளி சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சரியான முகம் வந்த மறுவாரமே ஆசிரியை ஆபீஸுக்கு வந்துவிட்டார். காலை பஸ்ஸில் வந்து இறங்கி நேராக வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். போட்டோவில் இருந்த பாதிச் சிரிப்பு அவர் முகத்தில் எந்தப் பக்கமும் இல்லை.

"புள்ளைங்க பாடத்துல உக்கார மாட்டேங்கறாங்க" என்றார். "வகுப்பு ஜன்னல் பூரா ஆளு. சந்தைக்கு வந்தவங்க எல்லாம் என்னையப் பாத்துட்டுப் போறாங்க. ஒரு அம்மா கொழந்தையத் தூக்கிட்டு வந்து என் மடியில வெச்சு, ஒரு பாட்டு பாடுங்கங்கறாங்க."

"நீங்க இல்லைன்னு சொல்லலையா?"

"சொல்லாம இருப்பனுங்களா? சினிமாக்காரங்க முதல்ல அப்படித்தான் சொல்வாங்களாம்."

அடுத்த வாரம் விளம்பரத்தில் சரியான முகம் வந்ததே என்று கேட்டேன். அதனால் இன்னும் கெட்டுப்போயிற்று என்றார். வேஷம் போட்டால் முகம் மாறத்தானே செய்யும் என்கிறார்களாம். பள்ளிக்கூடச் செய்தியில் நடிகையின் படம் இருந்தது அல்லவா, அதற்கும் ஊரில் விளக்கம் தயாராக இருந்தது. நம் வாத்தியாரம்மா சினிமாவுக்குப் போகிறார், அவருக்குப் பதிலாக வரப்போகிறவர்தான் அந்தப் புத்தகக்காரம்மா. நான் செய்த இரண்டு தப்பும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. பங்குனியோடு அவர் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. கமிட்டி கூடிக் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையும் அவருக்கே. போடவில்லை என்றால் சேலத்து அம்மாபேட்டையில் அண்ணன் வீடு. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து பத்தொன்பது வயதில் திரும்பி வந்து, அந்த வீட்டில் இரண்டு தறிக்கும் அடுப்புக்கும் நடுவே ஆறு வருஷம் இருந்திருக்கிறார். தறிக்குப் பாவு நூல் பிணைத்துக்கொண்டே படித்துத் தேறியிருக்கிறார். இதையெல்லாம் அழுதுகொண்டு சொல்லவில்லை. வருகைப் பதிவு வாசிப்பதுபோலச் சொன்னார்.

"பெருசா ஒண்ணும் வேண்டாங்க. ஒரே ஒரு வரி. படம் இடம் மாறிப்போச்சு, தப்பு எங்களுதுன்னு. அத வெட்டி கமிட்டிக்கு முன்னால வெச்சாப் போதும். அச்சுல வந்தாத்தான் நம்புவாங்க."

"இந்தச் சனிக்கிழமை வந்துரும்" என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முதலாளி மறுத்துவிட்டார். படம் மாறிய இதழ் மீதமில்லாமல் விற்றுப்போயிருந்தது. நாமக்கல் ஏஜெண்டு இன்னும் அனுப்பச் சொல்லி ஆள் விட்டிருந்தார். "தப்புன்னு நாமே போட்டா, மத்த செய்தியும் தப்போன்னு யோசிப்பாங்க. அவங்களா மறந்துடுவாங்கப்பா" என்றார். மறக்கவிட்டாரா? திருத்தம் வரவேண்டிய சனிக்கிழமையில் ஒரு கட்டம் போட்டு, 'அவர்தானா இவர்? ஊரெங்கும் பரபரப்பு' என்று இரண்டு வரி சேர்த்தார். ஒரு வரித் திருத்தத்துக்கு இடமில்லை, இரண்டு வரிப் பரபரப்புக்கு இருந்தது. நான் கத்தினேன். படத்து நிருபனாக இருந்தால் மேஜையைக் கவிழ்த்துவிட்டு வெளியே போயிருப்பான், பின்னாலேயே முதலாளி ஓடி வந்திருப்பார். நான் வெளியே போய் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்து மெய்ப்புத் திருத்தினேன். நான் கவிழ்க்காத அந்த மேஜையை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் நாமக்கல் பஸ் ஏறினேன். அங்கிருந்து எருமப்பட்டிக்கு இன்னொரு பஸ், அப்புறம் மூன்று மைல் நடை. நிலக்கடலை பிடுங்கின காட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஊருக்குள் வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "சினிமாக்காரம்மாளைப் பாக்கவா?" என்று எதிரே வந்தவரே கேட்டுக் கையைக் காட்டினார்.

பள்ளிக்கூடம் ஒரே நீளமான ஓட்டுக் கட்டிடம். வேப்பமரத்தடியில் இரண்டு மாட்டுவண்டிகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். உள்ளே அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஏழெட்டுத் தலை. ஒரு கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏஞ்சாமி, நாங்க பவுத்திரம் ஊர்லருந்து வாரோம். ஒரு அடி பாடிட்டுப் பொறகு பாடம் நடத்துங்க" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பியே பார்க்காமல் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னார். பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்கள். நான் போய் அந்தக் கிழவரிடம், இவர் நடிகை இல்லை, அச்சகத்தில் நடந்த தப்பு, தப்புச் செய்தவன் நான்தான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாருங்க, சினிமாக் கம்பெனி ஆளா?" என்றார். "நாங்க ஒண்ணும் தூக்கிட்டுப் போயிர மாட்டமுங்க. பாத்துட்டுப் போயிருவோம்."

கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கத்தில் பெரிய பண்ணையம். பிளாக்கில் பார்த்த மீசை நேரில் இன்னும் செழிப்பாக இருந்தது. உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடந்தது தப்புதான் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் அனுப்பிய போட்டோ அவருக்குத் தெரியாதா? அவருடைய வருத்தம் வேறு.

"எம்பட படமும் அதே பக்கத்துலதானுங்க இருந்துது" என்றார். "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எடம் குடுத்தவன் நானு. ஓடு போட்டவன் நானு. ஒருத்தன் வந்து, ஏனுங்க, உங்க படத்தப் பாத்தமேன்னு கேக்கோணுமல்லோ? வாரவன் எல்லாம் எங்கூட்டு வாசல்ல நின்னு, சினிமாக்காரம்மா ஊடு எதுங்கறான்."

மோரைக் குடித்தேன்.

"அந்தப் புள்ள நல்ல புள்ள. குத்தம் சொல்ல மாட்டேன்" என்றார். "வார திங்கக்கெழம கமிட்டி கூடுது. மத்தவங்க எங்கிட்டக் கேக்கறாங்க, பத்திரிகைல போட்டது பொய்யா, அப்படின்னா பத்திரிகையே சொல்லட்டுமேங்கறாங்க. அதுக்குள்ள பொய்யின்னு அச்சுல வந்துட்டா நானே மொதல் கையெழுத்துப் போடறேன். வரலைன்னா என்னால நிக்க முடியாதுங்க."

திரும்பும்போது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வாசலில் அவரைப் பார்த்தேன். சனிக்கிழமை பத்திரிகை ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிடும், திங்கட்கிழமைக்குக் கையில் இருக்கும் என்று சொன்னேன். "ஒரு வரிதானுங்க" என்று மறுபடி சொன்னார். ஞாபகப்படுத்துகிறார் என்று நினைத்தேன். எச்சரித்தார் என்று பிற்பாடுதான் புரிந்தது.

இந்தத் தடவை முதலாளியை விடவில்லை. போடாவிட்டால் வேலையை விடுகிறேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு வரியை எவன் படிப்பான்? போடறதா இருந்தா சுவாரசியமா போடு. நீ அங்க போய்ப் பாத்துட்டுத்தானே வந்தே. பக்கத்துல ரெண்டு பத்தி மேலருந்து கீழ வரைக்கும் எழுது. உன் இங்கிலீஷ் படம் மாதிரி" என்றார்.

அவர்மேல் பழி போடலாம். இத்தனை வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் சொன்னதும் எனக்குள் குஷி பிறந்தது என்பதே உண்மை. வியாழக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். அதைப்போலச் சுகமாக நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. ஜன்னல் கம்பியில் தொங்கிய கிழவர் வந்தார். ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டு என்று நினைத்துத் தலையாட்டியவர்கள் வந்தார்கள், அது என் கைச்சரக்கு. கமிட்டித் தலைவர் வந்தார். 'முதலில் மீசை வாசலுக்கு வந்தது, சற்றுப் பொறுத்துத் தலைவரும் வந்து சேர்ந்தார்' என்று எழுதிவிட்டு நானே தனியாகச் சிரித்தேன். தன் படத்தை யாரும் விசாரிக்காத சோகத்தில் அவர் மோர் குடிப்பதாக ஒரு பாரா. நல்ல மோர் கொடுத்த மனிதர்.

உண்மையைக் கடைசியில் வைத்திருந்தேன். படங்களில் அப்படித்தான் செய்வார்கள். சிரித்துச் சிரித்து ஓய்ந்தபிறகு முடிச்சு அவிழும். இவர் நடிகை அல்லர், படம் மாறியது எங்கள் பிழை என்று இரண்டாம் பத்தியின் அடியில் அழகாக முடித்திருந்தேன். அச்சுக் கோர்த்தபோது கம்பாசிட்டர் சிரித்தார். முதலாளி படித்துவிட்டு, முதல்முறையாக என் தோளில் தட்டினார். அந்தச் சனிக்கிழமை காப்பி கிளப்பில் என் கட்டுரையை ஒருவர் உரக்கப் படிக்க, நாலு மேஜை கேட்டுச் சிரித்தது. நான் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல காரியமும் செய்தாயிற்று, பேரும் கிடைத்தது என்று நெஞ்சு நிறைந்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை மத்தியானம் அவர் வந்தார். கையில் தகரப்பெட்டி. வாசலிலேயே அதை இறக்கி வைத்தார். பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன்.

கமிட்டியில் ஒருவர் என் கட்டுரையை உரக்கப் படித்திருக்கிறார். எல்லாரும் நன்றாகச் சிரித்திருக்கிறார்கள். மீசை வந்த இடத்தில் மற்ற அங்கத்தினர்கள் சிரித்த சிரிப்பில் தலைவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் யாரும் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயர் ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டதால் இனி இவர் தேவையில்லை என்று மறுநாள் காகிதம் கொடுத்தார்கள்.

"கடைசியில எல்லாம் சொல்லியிருந்தேனே" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"பாத்தேனுங்க. நான் கடைசி வரைக்கும் படிச்சேன்." பெட்டியின் மேல் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டார். "நீங்க நல்லா எழுதறீங்க. அந்த மீசை எடத்துல நானே சிரிச்சுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் முதலாளியைத் திட்டி, கமிட்டியைத் திட்டி, கொஞ்சம் ஆறியிருப்பேன். மெய்யாகவே பாராட்டினார்.

கமிட்டிக்கு நான் நேரில் போய்ச் சொல்கிறேன், மன்னிப்புக் கேட்கிறேன், முதலாளியையும் அழைத்து வருகிறேன் என்று ஏதேதோ அடுக்கினேன்.

"வேண்டாங்க. தலைவரு நல்ல மனுசருங்க, அவரப் போயி சிரிப்பாக்கிட்டீங்க. இனி நீங்க போனா அதயும் எழுதுவீங்களோன்னு பயப்படுவாரு" என்றார். "என் போட்டோ மட்டும் இருந்தாக் குடுங்க. எங்கயாச்சும் மனுப் போட்டா வேணுமல்லங்களா."

போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். பார்க்காமலேயே பையில் வைத்துக்கொண்டார். பெட்டியை நான் தூக்கி வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அம்மாபேட்டைப் பக்கம் நடந்தார். வழியில் அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சேலத்தில் அவரை யாருக்கும் தெரியாது.

நான் உள்ளே போய் அச்செழுத்துப் பெட்டியின் முன்னால் நின்றேன். கம்பாசிட்டர் சாப்பிடப் போயிருந்தார். முதலாளியைக் கேட்கவில்லை. 'முன் இதழ் ஒன்றில் ஓர் ஆசிரியையின் படம் சினிமா விளம்பரத்தில் தவறுதலாக வெளியாகிவிட்டது. பிழை எங்களுடையது' என்று கோர்த்து, பாரத்தில் ஒரு நாடக விளம்பரத்துக்கு அடியில் இருந்த இடத்தில் சேர்த்தேன். சனிக்கிழமை அது வெளிவந்தது. முதலாளி கண்ணில் அது படவே இல்லை என்று நினைக்கிறேன். கோர்த்து முடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று.